கொற்றலையாற்றுக் கூழாங்கல் பிறந்த கதை

திருத்தணி மலையில் 365 படி ஏறுகிறவர்கள் நடுவழியில் நிற்பது பெரும்பாலும் மூச்சு வாங்கத்தான். நின்ற இடத்தில் வடக்கே திரும்பினால் ஆந்திரம் தெரியும். நகரி, புத்தூர் பக்கத்து மலைகள். நம் சமவெளியில் பார்த்துப் பழகிய குன்றுகள் உருண்டு திரண்டவை, பாறை மேல் பாறை குவிந்தவை. இவை வேறு சாதி. உச்சி தட்டையாக நீளும். விளிம்பு வந்ததும் செங்குத்தாக விழும். விழுகிற முகத்தில் கிடைமட்டமாக அடுக்கடுக்காய்க் கோடுகள். அவற்றில் ஒரு சிகரம் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. 800 மீட்டருக்கு மேல் உயரம். பாய்க்கப்பல் காலத்தில் சென்னைக்கு வந்த மாலுமிகள் கடலிலிருந்தே அதைப் பார்த்து இடம் தெரிந்துகொண்டார்கள். 'நகரி நோஸ்' என்பது வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர். நகரி மூக்கு.

இந்த மூக்கிலிருந்து உதிர்ந்த கற்களைப் பற்றியதுதான் இந்தக் கதை. அவற்றைப் பார்க்க மலை ஏற வேண்டாம். திருத்தணிக்குக் கிழக்கே பூண்டி ஏரிக்குப் போய்ச் சேரும் கொற்றலையாற்றின் படுகையில் இறங்கினால் போதும். திருத்தணியை ஒட்டி ஓடும் நந்தி ஆறும், மலைப்பக்கத்திலிருந்து வரும் நகரி ஆறும் இதில்தான் கலக்கின்றன. கரையோர மேடுகளில், வயல் வரப்புகளில், ஓடை அரித்த பள்ளங்களில், எங்கு பார்த்தாலும் கூழாங்கல். சாம்பல், பழுப்பு, வெளிர் சிவப்பு. எலுமிச்சை அளவிலும் இருக்கும், தலை அளவிலும் இருக்கும். கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனம்.

ஆறு உருட்டி உருட்டித்தான் கல் வழுவழுப்பாகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கொற்றலையாறு விஷயத்தில் அந்தப் பாடம் செல்லுபடியாகாது. ஆண்டில் முக்கால்வாசி நாள் மணல் காய்ந்து கிடக்கிற ஆறு இது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால்தான் உண்டு. சமவெளியில் மெல்லச் சரிந்து போகும் இதற்குத் தலை அளவுக் கல்லைப் புரட்டிப் புரட்டி உருண்டையாக்கும் தெம்பு கிடையாது. இந்தக் கற்கள் ஆற்றுக்கு வந்தபோதே உருண்டையாகத்தான் வந்தன. உருட்டியது வேறு ஆறுகள். அவை ஓடிய நாளில் இந்தியாவும் அண்டார்டிகாவும் அப்போதுதான் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கியிருந்தன.

கல்லின் பிறப்பைச் சொல்ல அதற்கும் முன்னால் போக வேண்டும்.

திருத்தணி வட்டாரத்தின் அடித்தளம் கருங்கல். கிரானைட்டும், வரிவரியாக ஓடும் நைஸ் பாறையும். பெங்களூர், கோலார், சித்தூர் என்று மேற்கே விரியும் ஒரே பழைய பாறைத் தட்டின் கிழக்கு ஓரம் இது. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. கிரஷர்களில் ஜல்லியாக உடைபடுகிற கல் பெரும்பாலும் இந்த வம்சம்தான். உலகத்திலேயே பழைய பொருள்களில் ஒன்றைக் கலவையில் போட்டு மொட்டைமாடித் தளம் ஒட்டுகிறோம்.

அந்தப் பழைய தட்டின் ஒரு பகுதி மெல்லத் தாழ்ந்தது. பிறை வடிவத்தில் ஒரு பெரும் பள்ளம். இன்று கடப்பை, கர்நூல், சித்தூர் மாவட்டங்கள் கிடக்கும் இடம். கடல் உள்ளே வந்தது. சுற்றியிருந்த கிரானைட் மேடுகள் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்தன. மண்ணைப் பிடித்து வைக்க அப்போது நிலத்தில் செடி இல்லை, புல் இல்லை, வேர் இல்லை. பெய்த மழை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. கிரானைட்டில் இருந்த மற்றக் கனிமங்கள் களிமண்ணாகக் கரைந்து போய்விட, குவார்ட்ஸ் மணல் மட்டும் கரையோரத்தில் தங்கியது. அலை அதைத் திரும்பத் திரும்பச் சலித்தது. பள்ளம் தாழத் தாழ மணலும் மேலே சேர்ந்துகொண்டே போனது. கடப்பைப் படுகையின் பாறை அடுக்குகள் சில இடங்களில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தடிமன். வீட்டுத் தரையில் நாம் பதிக்கும் கடப்பைக்கல்லும் இந்தப் பள்ளத்தில் படிந்ததுதான். அது சேறும் சுண்ணாம்பும், நகரி மலை மணல்.

புதைந்த மணலுக்கு நடந்ததுதான் முக்கியம். மேலே இருந்த பாரம் அழுத்தியது. மணல் பொடிகளுக்கு நடுவில் ஊறிய நீர் கரைந்த சிலிக்காவைக் கொண்டுவந்து இடுக்குகளில் நிரப்பியது. மணலும் குவார்ட்ஸ், ஒட்டிய பசையும் குவார்ட்ஸ். காலம் போகப் போக மணல் எது பசை எது என்று பிரிக்க முடியாதபடி எல்லாம் ஒரே கட்டியாகிவிட்டது. இதுதான் குவார்ட்சைட். சாதாரண மணற்கல்லைச் சுத்தியலால் தட்டினால் மணல் பொடிகளைச் சுற்றிக்கொண்டு பிளவு போகும், சொரசொரப்பாக உதிரும். குவார்ட்சைட்டில் பிளவு பொடிகளையே அறுத்துக்கொண்டு நேரே ஓடும். உடைந்த முகம் வழுவழுப்பாக, விளிம்பு விரலைக் கிழிக்கும் கூர்மையோடு இருக்கும். இந்த ஒரு குணத்தால் பின்னால் பெரிய காரியங்கள் நடக்கப்போகின்றன.

1850-களிலிருந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் சென்னை மாகாணத்தைக் கால்நடையாகவும் குதிரையிலும் அலைந்து வரைபடம் போட்டார்கள். அவர்களில் வில்லியம் கிங் என்பவர் கடப்பை, கர்நூல் பாறைகளைப் பற்றி 1872-இல் விரிவான நூல் எழுதினார். நகரி குவார்ட்சைட் அறிவியல் ஏட்டில் ஏறியது அந்தத் தலைமுறையின் உழைப்பால்தான். கிங்கின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

மணல் கடலோரத்தில் படிந்தது என்பதற்கு என்ன சாட்சி? மலையே சாட்சி. திருப்பதியிலிருந்து திருமலைக்குப் போகும் மலைப்பாதையில் இதே குவார்ட்சைட் வெட்டப்பட்டிருக்கிறது. பாறைப் பலகைகள் சிலவற்றில் நெருக்கமாக நெளிநெளியான மடிப்புகள் பதிந்திருக்கும். மெரினாவில் அலை வாங்கிய ஈர மணலில் கால் வைப்பதற்கு முன் தெரியுமே, அதே நெளி. 150 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய ஒரு நாளின் அலை. அதே பாதையில் இன்னொரு காட்சியும் உண்டு. கீழே கிரானைட், மேலே குவார்ட்சைட், நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழும் மேலும் உள்ள பாறைகளின் வயதில் பல பத்துக் கோடி ஆண்டு இடைவெளி. அவ்வளவு காலக் கணக்கும் அந்த இடத்தில் தொலைந்திருக்கிறது. புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துப் பலகை வைத்திருக்கிறது. பலகையைப் படிக்கப் பேருந்து நிற்பதில்லை. ஏழுமலையானைப் பார்க்கப் போகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அடுத்து நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். சுமார் 100 கோடி ஆண்டுக்கு முன் கிழக்கிலிருந்து ஒரு நிலத்திணிவு வந்து மோதியது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் பூமிக்கு அடியில் வெந்து உருமாறின. கடப்பைப் படுகையின் கிழக்குப் பக்கம், நல்லமலை வரிசை, மடிந்து நெளிந்தது. தெற்கு மூலையில் இருந்த நகரிப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அதனால்தான் அங்கே அடுக்குகள் படுத்த வாக்கிலேயே கிடக்கின்றன, மலை உச்சியும் தட்டையாக இருக்கிறது. மோதி ஒட்டிக்கொண்ட அந்த நிலத்தின் மறுபாதி இன்று அண்டார்டிகாவில், எண்டர்பி லாண்ட் பக்கத்தில், பனிக்கு அடியில் இருக்கிறது. விசாகப்பட்டினத்துப் பாறையையும் அங்கே பனிக்கு வெளியே தலைகாட்டும் பாறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உடன்பிறப்பு என்பது தெரியும்.

ஆக, இந்தியாவின் கிழக்குக் கரை என்று ஒன்று அப்போது கிடையாது. திருத்தணியிலிருந்து கிழக்கே நடந்தால் கடல் வராது. அண்டார்டிகா வரும். ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா எல்லாம் சேர்ந்த அந்தப் பெருநிலத்துக்கு காண்டுவானா என்று பெயர் வந்தது இந்தியாவிலிருந்துதான். நர்மதைப் பக்கத்துக் கோண்டு மக்களின் நாட்டை வைத்து, ஹென்றி மெட்லிகாட் 1872-இல் சில பாறை அடுக்குகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். ஆஸ்திரியாவின் எடுவார்ட் சூஸ் 1885-இல் அதைப் பெருநிலத்துக்கே எடுத்துக்கொண்டார். சூஸும் கண்டம் நகர்ந்தது என்று சொல்லவில்லை. நடுவில் இருந்த நிலம் மூழ்கிவிட்டது என்றுதான் நினைத்தார். நம்மூரில் குமரிக்கண்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இன்றும் சூஸ் காலத்துப் புவியியலில்தான் நிற்கிறார்கள். மூழ்கியது எதுவும் இல்லை. பிரிந்து போனது.

பிரிவு எப்படி நடந்தது என்பதை இந்த வட்டாரத்து மண்ணே சொல்கிறது.

சுமார் 13 கோடி ஆண்டுக்கு முன் இந்தியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே நிலம் இழுபட்டது. இழுபட்ட இடம் மெலிந்து, விரிந்து, பாளம் பாளமாக உள்ளே இறங்கியது. திருத்தணிக்குக் கிழக்கே சமவெளி தொடங்குகிற இடம் அப்படி இறங்கிய பள்ளங்களில் ஒன்றின் ஓரம். முதலில் அதில் ஏரிச் சேறும் சதுப்புச் சேறும் படிந்தன. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக் களிப்பாறையைப் பிளந்தால் செடிகளின் இலைகள் அச்சு மாறாமல் கிடைக்கும். அதே அடுக்குகளில் அம்மோனைட் போன்ற கடல் உயிரிகளின் புதைபடிவங்களும் கிடைக்கின்றன. பெயர்த்த கல்லில் இலையும் சிப்பியும் அடுத்தடுத்து வந்தால் அதன் அர்த்தம் ஒன்றுதான்: நிலமாக இருந்த இடத்துக்குள் கடல் எட்டிப்பார்க்கத் தொடங்கிவிட்டது. வங்காள விரிகுடாவின் முதல் வரவு அது.

பள்ளம் இறங்கியபோது அதன் கரை எழும்பி நின்றது. எழும்பிய கரையில் இருந்தது நகரி குவார்ட்சைட். மலைக்கும் பள்ளத்துக்கும் நடுவே தூரம் குறைவு, சரிவு அதிகம். மழை பிடித்தால் காட்டாறு. மலையிலிருந்து பெயர்ந்த பாளங்களை அந்த ஆறுகள் ஒன்றோடொன்று மோதவிட்டு, முனை மழுக்கி, உருண்டையாக்கிப் பள்ளத்தின் வாயில் கொட்டின. கொட்டியதன் மேல் மறுபடி கொட்டின. கூடவே வந்த மணலும் களியும் இடுக்கை நிரப்பின. பாகில் பிடித்த கடலை உருண்டை போல மொத்தமும் இறுகிப் பாறையாயிற்று. கல்லுக்குள் கல். இதற்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர் சத்தியவேடு அடுக்கு. எல்லை தாண்டி ஆந்திரத்தில் இருக்கும் சத்தியவேடு, பூண்டிக்கு வடக்கே உள்ள அல்லிக்குழி மலை, எல்லாம் இதே சரக்கு.

இதை நெருங்கிப் பார்க்க நல்ல இடம் குடியம். பூண்டியிலிருந்து காட்டுக்குள் நடந்து போகிற பாறைக் குகை. குகை என்றால் இருட்டுச் சுரங்கமில்லை. பெரிய கூரையின் கீழ் நிற்பது போன்ற திறந்த புடவு. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கக் கூழாங்கல். சில பாதி வெளியே துருத்தி, இப்போது விழும் அப்போது விழும் என்று நிற்கும். விழுந்த இடத்தில் உருண்டையாக ஒரு குழி அப்படியே இருக்கும். கீழே பார்த்தால் விழுந்த கற்கள் கிடக்கும். ஓர் ஓடை வந்து அவற்றைக் கொற்றலையாற்றுக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஆற்றில் கிடக்கும் கல்லின் முன்கதை இவ்வளவுதான்: 12 கோடி ஆண்டுபோலக் கூரையில் தொங்கிவிட்டு, நேற்றுக் கழன்று விழுந்தது. ஆறு அதை உருவாக்கவில்லை, எடுத்துக்கொண்டு வந்தது.

கல் கூரையில் இருந்த காலத்தில் நிலம் சும்மா இருக்கவில்லை. அண்டார்டிகாவை விட்டுப் புறப்பட்ட இந்தியா வடக்கு நோக்கி ஓடியது. வேகமான கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல். கண்டங்களின் கணக்கில் இது தலைதெறிக்கிற ஓட்டம். 6.6 கோடி ஆண்டுக்கு முன் மராட்டியப் பக்கம் எரிமலைக் குழம்பு கொட்டியது, 5 கோடி ஆண்டுக்கு முன் ஆசியாவில் போய் முட்டியது, இமயமலை எழுந்தது. இன்றும் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவில் வடகிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறோம். திருத்தணி, தணிகாசலம் எல்லாம் சேர்த்துத்தான்.

இந்த நகர்வை உலகம் நம்ப மறுத்தது ஒரு காலம். ஆல்ஃபிரட் வெகனர் 1912-இல் கண்டங்கள் நகர்ந்தன என்று சொன்னபோது, எது தள்ளியது என்று கேட்டு ஓரம் கட்டினார்கள். 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்தபோதும் கேள்விக்கு விடை இல்லை. விடையின் ஒரு பெரிய துண்டு இந்தியப் பெருங்கடலில் கிடைத்தது. 1962-இல் ஓவன் என்ற பிரிட்டிஷ் கப்பல் கார்ல்ஸ்பெர்க் கடலடி மலைத்தொடரின் மேல் காந்த அளவை எடுத்தது. கடலடிப் பாறையில், ஒரு பட்டை இன்றைய வடக்கைக் காட்ட, அடுத்த பட்டை நேர் எதிர்த்திசையைக் காட்டியது. பூமியின் காந்தம் அவ்வப்போது தலைகீழாகப் புரளும். எரிமலைக் குழம்பு உறையும்போது அந்தந்தக் காலத்துத் திசையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்படியென்றால் மலைத்தொடரின் நடுவில் புதிய கடலடி பிறந்து இரு பக்கமும் விலகிக்கொண்டே போகிறது. கேம்பிரிட்ஜின் ஃபிரெட் வைன், டிரம்மண்ட் மேத்யூஸ் இருவரும் 1963-இல் இதை எழுதினார்கள். ஐந்தாறு ஆண்டுக்குள் புவித்தட்டுக் கொள்கை பாடப்புத்தகத்துக்கு வந்துவிட்டது. காந்தம் புரள்வதையும் மறந்துவிடாதீர்கள். கிங்கைப் போலவே அதுவும் திரும்ப வரும்.

இனி ஆற்றங்கரைக்கு வருவோம். பதினைந்து லட்சம் ஆண்டுக்கு முன் இங்கே வந்த மனிதர்களுக்குக் காண்டுவானாவும் தெரியாது, குவார்ட்சைட்டும் தெரியாது. எந்தக் கல் உடைத்தால் கூராகும் என்பது தெரியும். திருத்தணிப் பக்கத்துக் கிரானைட்டை உடைத்தால் பொடிப்பொடியாக உதிரும், கத்திக்கு ஆகாது. மலை உச்சியில் இருக்கும் குவார்ட்சைட் பாளத்தைப் பெயர்த்துக் கொண்டுவருவது ஆகிற காரியமில்லை. ஆனால் இந்த ஆற்றங்கரையில் அதே குவார்ட்சைட், கைக்கு அடக்கமாக, கோடிக்கணக்கில் கொட்டிக் கிடந்தது. விரிசல் உள்ள கல் எல்லாம் காட்டாற்றில் மோதியே உடைந்து கழிந்துவிட்டதால் மீந்தது எல்லாம் உறுதியான கல். இதைவிடச் சௌகரியமான பட்டறை எங்கே கிடைக்கும்? தண்ணீர் பக்கத்தில், வேட்டைக்குக் காடு பக்கத்தில், கல் காலடியில். இந்த ஆற்றுப் படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் மனிதர்கள் திரும்பத் திரும்ப வந்து தங்கியதற்குக் கண்டங்கள் பிரிந்ததும் ஒரு காரணம் என்று நான் சொன்னால் மிகை என்று தோன்றலாம். அண்டார்டிகா விலகாதிருந்தால் பள்ளம் இல்லை. பள்ளம் இல்லாவிட்டால் காட்டாறு இல்லை. காட்டாறு இல்லாவிட்டால் நகரி மலைக் கல் நகரி மலையிலேயே இருந்திருக்கும்.

அவர்கள் விட்டுப்போன கைக்கோடரிகளைக் கண்டெடுத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1858-இல் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், சரளை தோண்டிய குழி ஒன்றில், மனிதக் கை பட்ட ஒரு கல்லை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் உண்டு என்பதற்குக் கிடைத்த முதல் ஆதாரம் அது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று அத்திரம்பாக்கம். உடன் போனவர் வில்லியம் கிங். கடப்பைப் பாறைகளைப் பற்றி நூல் எழுதிய அதே கிங். கருவியைக் கண்டவர்களும், அந்தக் கருவிக்குக் கல் கொடுத்த மலைகளை அளந்தவர்களும் ஒரே கூட்டம்தான். சரளைக்குள் ஒரு கல் ஏன் வித்தியாசமாக இருக்கிறது என்று கேட்கத் தோன்ற, முதலில் சரளையே எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில்கூட இப்படிப்பட்ட கற்களை மனிதன் செய்தான் என்று அறிஞர்கள் ஒத்துக்கொண்டது 1859-இல்தான். நான்கே ஆண்டில் சென்னையில் அதே செய்தி. 1866-இல் ஃபூட் எழுதிய கட்டுரை சென்னை, வட ஆற்காடு மாவட்டங்களைப் பற்றியது. அன்றைக்குத் திருத்தணி வட ஆற்காட்டில் இருந்தது.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது திருத்தணி அதோடு போனது. பிறகு ஆந்திரத்துக்குப் போனது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்நின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. மாற்றாக ஆந்திரத்துக்குப் போன பகுதிகளில் சத்தியவேடும் ஒன்று. ஆக, கூழாங்கல்லின் தாய்மலையான நகரி ஆந்திரத்தில். அது உருண்டு படிந்த அடுக்குக்குப் பெயர் தந்த ஊரும் ஆந்திரத்தில். அதே அடுக்கின் அல்லிக்குழியும் குடியமும் தமிழ்நாட்டில். ஆறு மட்டும் இரு பக்கத்துத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு சென்னைக்குக் குடிக்கக் கொடுக்கிறது.

ஃபூட் வயது சொல்லவில்லை, சொல்ல அவரிடம் வழியும் இல்லை. கருவிகள் பழையவை, மிகப் பழையவை என்பதோடு நிறுத்தினார். 1999-இலிருந்து சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சார்பில் அத்திரம்பாக்கத்தில் மறுபடி தோண்டினார்கள். பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து வயது கண்டார்கள். 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவு: அடியில் கிடைத்த கருவிகளுக்குக் குறைந்தது 10 லட்சத்துக்கு மேல், சராசரியாக 15 லட்சம் ஆண்டு.

கண்ட விதம்தான் எனக்குப் பிடித்தது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் தரையில் வெளியே கிடக்கும் குவார்ட்ஸைத் தாக்கும்போது அதற்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அணுக்கள் மிக நுண்ணிய அளவில் உண்டாகின்றன. கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்தால் கதிர் எட்டாது, உற்பத்தி நின்றுவிடும். அதன் பிறகு இரண்டும் அழியும். அலுமினியம் சீக்கிரம், பெரிலியம் அதில் பாதி வேகத்தில். மீதமுள்ள விகிதத்தை அளந்தால் புதைந்து எவ்வளவு காலம் என்று தெரியும். இதற்குக் குவார்ட்ஸ் வேண்டும். எலும்போ கரியோ இல்லாத இடத்தில் கைக்கோடரியே கைகொடுத்தது, அது முழுக்கக் குவார்ட்ஸ் என்பதால். கிரானைட் கழித்துப்போட்டு, அலை சலித்து மிச்சம் வைத்த அதே மணல். சரி, இன்னொரு சாட்சியும் தேடினார்கள். கருவிகள் கிடந்த களிமண்ணின் காந்தத் திசையைச் சோதித்தார்கள். அது தலைகீழாக இருந்தது. பூமியின் காந்தம் கடைசியாகப் புரண்டது ஏறக்குறைய 7.8 லட்சம் ஆண்டுக்கு முன். அப்படியானால் களிமண் அதற்கும் மூத்தது. கார்ல்ஸ்பெர்க் கடலடியில் கண்டம் நகர்ந்ததைக் காட்டிக்கொடுத்த அதே காந்தப் புரட்டுதான் அத்திரம்பாக்கத்து மனிதனின் வயதையும் உறுதி செய்தது. மேலடுக்கில் இருந்த வேறு வகைக் கருவிகள், சிறிதாக, நுட்பமாகச் செதுக்கியவை, 3.85 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று 2018-இல் 'நேச்சர்' இதழில் அடுத்த முடிவு வந்தது. இந்தக் கருவி முறை ஆப்பிரிக்காவிலிருந்து பின்னால் வந்து சேர்ந்தது என்று நினைத்திருந்தவர்கள் கணக்கைத் திருத்திப் பார்க்க வேண்டியதாயிற்று.

கூழாங்கல்லோடு பிறந்த கடல் என்ன ஆயிற்று என்றும் கேட்கலாம். காட்டாறுகள் சத்தியவேட்டில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில் அருகே திறந்த வங்காள விரிகுடாவின் தரை, அதன் கிழக்கு ஓரத்தில், இன்று இந்தியத் தட்டோடு சேர்ந்து வடகிழக்கே நகர்ந்து, அந்தமான், சுமத்ராவை ஒட்டிய ஆழப்பள்ளத்தில் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை அந்த ஓரத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் பிடி நழுவியது. இரண்டரை மணி நேரத்தில் அலை மெரினாவுக்கு வந்தது. கல் கரையில் தங்கிவிட்டதால் பிழைத்தது.

பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் இந்தக் கைக்கோடரிகளைப் பார்க்கலாம். பார்த்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போனால் ஒவ்வொரு உடைந்த கல்லும் கருவியாகத் தோன்றும். அது எல்லாருக்கும் வருகிற மயக்கம். அடையாளம் இதுதான். தானாக உடைந்த கல்லில் பிளவு எங்கெங்கோ, ஒழுங்கில்லாமல் இருக்கும். விளிம்புகள் பிறகு மழுங்கியிருக்கும். மனிதன் தட்டிய கல்லில் அடிபட்ட முனைக்குக் கீழே சில்லில் லேசான புடைப்பும், சில்லு பெயர்ந்த இடத்தில் அதற்கு ஈடான குழிவும் தெரியும். குழிவுகள் ஒன்றன் பக்கம் ஒன்றாக, இரண்டு முகத்திலும் மாறி மாறி, ஒரே விளிம்பை நோக்கி வரும். அடிப்பக்கத்தில் மட்டும் பழைய கூழாங்கல்லின் வழுவழுப்பான தோல் கொஞ்சம் மிச்சம் விட்டிருப்பார்கள், உள்ளங்கையில் குத்தாமல் இருக்க. அந்தத் தோலைத் தடவிப் பாருங்கள், அது காட்டாறு செய்த வேலை. மற்றதெல்லாம் ஆள் செய்தது. பார்த்தபின் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். எந்த அடுக்கில், எந்த மண்ணில் கிடந்தது என்பது போய்விட்டால் அதன் வயதை இனி யாராலும் சொல்ல முடியாது.